வேகத்துக்குக் கணக்கு உண்டு, பூட்டுக்கு?

42.36 சதவீதம். ஏஎன்இசட் வங்கி 2023-ல் நடத்திய ஒரு பரிசோதனையில் கிடைத்த எண் இது. மெல்பர்ன் டாக்லாண்ட்ஸில் தலைமையகம் வைத்திருக்கும் அந்த வங்கியில் அப்போது 5,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொறியாளர்கள் வேலை பார்த்தார்கள். ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முடியும்வரை ஆறு வாரம் பரிசோதனை நடந்தது. முதல் இரண்டு வாரம் ஆயத்தம், அடுத்த நான்கு வாரம் சோதனை. பங்கேற்றவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரே பைத்தான் புதிர்களை இரு அணிக்கும் கொடுத்தார்கள். ஓர் அணிக்கு நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் உண்டு, மற்ற அணிக்கு இல்லை. கோபைலட் அணி 42.36 சதவீதம் குறைந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டது.

அதே ஆய்வறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. கருவி விற்க வருகிறவர்கள் அந்த வரியை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. நிரலின் பாதுகாப்பு கூடியதா குறைந்ததா என்று முடிவு சொல்லும் அளவுக்குத் தரவு கிடைக்கவில்லை என்பதுதான் அது. வேகத்தைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை அளந்த ஒரு பெரிய வங்கியால் பாதுகாப்பை அளக்க முடியவில்லை. மறைக்காமல் எழுதிவைத்தார்களே, அதற்கு ஒரு சபாஷ்.

வேகத்தை அளக்க ஒரு கடிகாரம் போதும். நிரலில் ஓட்டை இருப்பதோ, பெரும்பாலும், யாராவது அதன் வழியாக உள்ளே வந்து போன பிறகுதான் தெரிகிறது. கோபைலட்டா, கர்சரா, கிளாட் கோடா என்று இன்றைக்கு நடக்கும் பட்டிமன்றத்தில் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பிரிங்வேல் ரோட்டின் இரு பக்கமும்

டாக்லாண்ட்ஸிலிருந்து மொனாஷ் ஃப்ரீவேயைப் பிடித்துத் தென்கிழக்கே வந்தால் மல்கிரேவ். ஸ்பிரிங்வேல் ரோட்டில் கேமார்ட்டின் தலைமை அலுவலகமும் பிஎம்டபிள்யூவின் ஆஸ்திரேலிய அலுவலகமும் இருக்கின்றன. அவற்றின் பின்னால் உள்ள தெருக்களில்தான் சின்னப் பெயர்ப்பலகை வைத்த நிறுவனங்கள்: கிடங்கு மென்பொருள் செய்பவர்கள், கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் செயலி எழுதுபவர்கள், பெரிய கம்பெனிகளிடம் ஒப்பந்தத்துக்கு வேலை எடுப்பவர்கள். பக்கத்தில் கிளேட்டனில் மொனாஷ் பல்கலைக்கழகமும் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிலையமும் இருக்கின்றன. கிளென் வேவர்லி முதல் டாண்டினாங் வரை வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஐடி வேலை பார்ப்பவர் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றால் யாழ்ப்பாணத்து அண்ணாவிடம் கோயம்புத்தூர்த் தம்பி கேட்கும் கேள்வியே, "உங்க ஆபீஸ்ல எந்த ஏஐ கொடுத்திருக்காங்க?" என்பதுதான்.

கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று வேறு வகைக் கருவிகள் இருக்கின்றன. தட்டச்சு செய்யும்போது அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பவை ஒரு வகை. 2021-ல் கோபைலட் முன்னோட்டமாக வந்தபோது அதுதான் அதன் வேலை. இரண்டாவது வகை, ஏஜென்ட்கள். "இந்தத் திரையை மாற்று" என்று சொன்னால் கோப்புகளைத் திறந்து, திருத்தி, டெஸ்ட்களை ஓட்டி, டெர்மினலில் கட்டளைகளையும் தாமே இயக்குகின்றன. மூன்றாவது வகைக்கு எழுதத் தெரியாது, எழுதியதைச் சல்லடை போடத்தான் தெரியும்: செம்கிரெப், ஸ்னிக், சோனார்க்யூப், கிட்ஹப்பின் கோட்க்யூஎல் போன்றவை. இவற்றில் பல ஏஐ வருவதற்கு முன்பே இருந்தவை, இப்போது ஏஐ பூச்சும் பூசிக்கொண்டுவிட்டன. மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு மதிப்பெண் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் கம்பெனிகளில் வாங்கும் முடிவு பெரும்பாலும் அப்படி ஒரு அட்டவணையை வைத்துத்தான் நடக்கிறது.

ஆப்டஸ் விட்டுவைத்த கதவு

பாதுகாப்பு ஓட்டை என்றால் என்ன என்று கேட்பவருக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் போதும். 2022 செப்டம்பர் 17 முதல் 20 வரை ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்திலிருந்து சுமார் 95 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவு போயின. பாஸ்போர்ட் எண், ஓட்டுநர் உரிம எண் என்று பறிகொடுத்தவர்கள் அடையாள அட்டைகளை மாற்ற அலைந்ததை மெல்பர்ன்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையமான ஏசிஎம்ஏ 2024-ல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம் அந்தக் களவின் பூர்வகதையைச் சொல்கிறது. 2018-ல் நிரலில் நேர்ந்த ஒரு பிழையால், வாடிக்கையாளர் தகவலைத் தரும் ஒரு ஏபிஐ-யின் (மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் வாசல்) அனுமதிச் சோதனை செயலிழந்து போனது. 2021 ஆகஸ்டில் ஆப்டஸ் அதைக் கண்டுபிடித்துத் தன் முதன்மை இணைய முகவரியில் சரிசெய்தது. அதே ஏபிஐ இன்னொரு முகவரியிலும் திறந்து கிடந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாததால் யாரும் நினைத்துப் பார்க்கவும் இல்லை. வந்தவர் பெரிய மேதையாக இருக்கத் தேவைப்படவில்லை, தட்டித் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே போனார் என்கிறது ஆணையம்.

பிழையைச் செய்தவர் மனிதர், 2018-ல் கோபைலட்டே கிடையாது. ஆனாலும் கருவி தேர்வு செய்யும் கட்டுரையில் இதை ஏன் நீட்டி முழக்குகிறேன் என்றால், இன்றைக்குச் சந்தையில் இருக்கும் எந்தக் கருவி இதைப் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வரி எடுத்துக் கொடுக்கும் கருவி பிடித்திருக்காது, அதற்குப் பழைய நிரலைப் பற்றிக் கவலையில்லை. சல்லடைக் கருவி 2018-லேயே அந்தப் பிழையில் சிவப்புக் கோடு போட்டிருக்கலாம். 2021-ல் திருத்தியபோது "இதே பொருள் வேறெங்கே ஓடிக்கொண்டிருக்கிறது?" என்ற கேள்விக்கு, நிறுவனத்தின் சர்வர்கள் அத்தனையும் கணக்கில் இருந்தால்தான் பதில் வரும். அந்தக் கணக்கேடு இல்லாத கம்பெனிக்கு எந்த ஏஐ வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

மல்கிரேவுக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கிளேட்டனில் தலைமையகம் உள்ள ஆஸ்திரேலியன் கிளினிக்கல் லேப்ஸ், மெட்லேப் என்ற பரிசோதனைக்கூட நிறுவனத்தை 2021 டிசம்பரில் வாங்கியது. இரண்டே மாதத்தில், 2022 பிப்ரவரியில், மெட்லேப் கணினிகளில் ஊடுருவல் நடந்து 2,23,000 பேரின் தகவல் போனது. 2025 அக்டோபரில் ஃபெடரல் நீதிமன்றம் 58 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆஸ்திரேலிய அந்தரங்கத் தகவல் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட முதல் உரிமையியல் அபராதம் அதுதான். அதுவும் பழைய, குறைந்த உச்சவரம்புக் காலத்துக் குற்றத்துக்கு. 2022 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பிறகு உச்சவரம்பு 5 கோடி டாலர். சில சமயம் அதற்கும் மேல் போகலாம்.

நம்பிக்கைதான் பிரச்சினை

ஏஐ எழுதும் நிரல் எவ்வளவு பாதுகாப்பானது? 2021-ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று கோபைலட்டுக்கு 89 சூழல்களைக் கொடுத்து 1,689 நிரல்களை எழுத வைத்தது. சுமார் 40 சதவீதத்தில் ஓட்டை. அந்தக் குழுவின் முதல் ஆசிரியர் ஹாமண்ட் பியர்ஸ் பிறகு சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்துவிட்டார். அது பழைய மாடல் என்பார்கள். சரி, 2025-ல் வெராகோட் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட மாடல்களைச் சோதித்துப் பார்த்தது. 45 சதவீத மாதிரிகளில் பாதுகாப்புக் குறை. ஜாவா மொழியில் 70 சதவீதத்துக்கும் மேல். மாடல்கள் பெரிதாகப் பெரிதாக நிரல் பிழையில்லாமல் ஓடுவது கூடியதே தவிர, பாதுகாப்பு கூடவில்லை என்றது அந்த அறிக்கை. வெராகோட் பாதுகாப்புச் சோதனையை விற்கும் கம்பெனி என்பதால் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தே படிக்க வேண்டும். ஆனாலும் திசை தெளிவாகத்தான் இருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை வேறு இரண்டு ஆய்வுகள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022-ல் 47 பேரை வைத்துச் செய்த சோதனையில், ஏஐ துணையோடு எழுதியவர்களின் நிரலில் பாதுகாப்பு குறைவாக இருந்தது. தங்கள் நிரல் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையோ அவர்களுக்குத்தான் அதிகம். 2025-ல் மீட்டர் என்ற அமைப்பு, பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கும் 16 அனுபவசாலிகளுக்கு 246 வேலைகளைக் கொடுத்தது. ஏஐ பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. முடித்த பிறகு கேட்டால், 20 சதவீதம் வேகமாக முடித்ததாகச் சொன்னார்கள்.

ஏஎன்இசட் வங்கியின் 42.36-உம் இந்த 19-உம் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. அங்கே கொடுத்தது தனித்தனியான சின்னப் பைத்தான் புதிர்கள். இங்கே லட்சக்கணக்கான வரிகள் கொண்ட பழைய நிரல். எந்த வரியை எதற்காக எழுதினார்கள் என்ற நினைவு பராமரிப்பவரின் தலைக்குள் இருக்கிறது, கருவிக்கு அது தெரியாது. மல்கிரேவின் சின்னக் கம்பெனிகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை வேலைதான்: பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன கிடங்கு மென்பொருளில் ஒரு பட்டனைச் சேர்ப்பது.

மொனாஷ் மாடலும் ஒரு படிப்பினையும்

ஓட்டை கண்டுபிடிக்கும் ஏஐ-யில் கிளேட்டனுக்கு நல்ல பெயர் உண்டு. மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபூவும் சக்ரித் தந்திதம்மவோர்னும் 2022-ல் லைன்வல் என்ற மாடலை வெளியிட்டார்கள். சி, சி++ நிரலில் ஆபத்து எந்த வரியில் என்றே சுட்டிக்காட்டும். பிக்வல் என்ற தரவுத் தொகுப்பில் அதற்குக் கிடைத்த மதிப்பெண் 91. அதன் தொடர்ச்சியாக எடிட்டருக்குள்ளேயே எச்சரிக்கும் ஏஐபக்ஹன்டர் என்ற துணைக்கருவியும் வந்தது.

2024-ல் வேறொரு குழு இந்தத் துறை பரவலாகப் பயன்படுத்தும் தரவுத் தொகுப்புகளையே பரிசோதித்தது. ஒரே நிரல் பயிற்சிப் பகுதியிலும் தேர்வுப் பகுதியிலும் இருந்தது. ஆபத்தில்லாத நிரலுக்கு ஆபத்து என்ற முத்திரையும் இருந்தது. அவற்றைக் களைந்து பிரைம்வல் என்ற புதிய தொகுப்பை உருவாக்கினார்கள். பிக்வல் தொகுப்பில் 68.26 வாங்கிய ஒரு மாடல், பிரைம்வல் தொகுப்பில் வாங்கியது 3.09. அறுபத்தெட்டு எங்கே, மூன்று எங்கே!

மொனாஷ் ஆய்வாளர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அப்போது துறை முழுவதும் அந்தத் தொகுப்பில்தான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. ஆனால் கருவி வாங்கப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு வேறில்லை. விளம்பரத்தில் வரும் மதிப்பெண் எந்தத் தொகுப்பில் வாங்கியது, அந்தத் தொகுப்பு உங்கள் நிரலைப் போல இருக்கிறதா என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

அதற்குப் பதில் என்ன செய்யலாம்? ஒவ்வொரு கம்பெனியிடமும் ஒரு தேர்வுத்தாள் ஏற்கெனவே இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று வருடங்களில் தாங்களே கண்டுபிடித்துத் திருத்திய பாதுகாப்புப் பிழைகள்தான் அது. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் சரித்திரத்தில் பின்னோக்கிப் போய், ஒவ்வொரு திருத்தத்துக்கும் முந்தைய நிலையை எடுத்து, வாங்க நினைக்கும் கருவிகளிடம் கொடுக்க வேண்டும். எதைப் பிடித்தது, எதை விட்டது, ஒன்றுமில்லாத இடத்தில் எத்தனை முறை கூப்பாடு போட்டது என்று மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது மிக முக்கியம். நாளொன்றுக்கு நாற்பது பொய் எச்சரிக்கை கொடுக்கும் சல்லடையை, இரண்டாவது வாரத்திலேயே டெவலப்பர்கள் ஓசையில்லாமல் அணைத்துவிடுவார்கள். இதற்கு ஒரு பொறியாளரின் ஒரு வார உழைப்பு போதும். எந்த மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையையும் விட அது அந்தக் கம்பெனிக்குப் பொருந்தும்.

எழுதும் கருவியும் சோதிக்கும் கருவியும் ஒரே மாடலாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. தேர்வு எழுதிய மாணவரே விடைத்தாளையும் திருத்துவது போல ஆகிவிடும்; எந்த விஷயம் தெரியாமல் தவறாக எழுதினாரோ, திருத்தும்போதும் அது தெரியாமல்தான் இருக்கும். ஒரே கம்பெனியில் இரண்டையும் வாங்கினால் பில் குறையும் என்று கணக்குப் பிரிவு சொல்லும். சொல்லட்டும்.

சோதிக்கும் ஏஐ-யால் பலனே இல்லையோ என்று நினைக்க வேண்டாம். உலகெங்கும் கோடிக்கணக்கான சாதனங்களில் ஓடும் கர்ல் என்ற மென்பொருளைப் பராமரிக்கும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதித் தரும் போலிப் பிழை அறிக்கைகளால் நொந்துபோய் 2025-ல் வெளிப்படையாகவே கொதித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், ஏஐ கருவிகளை வைத்து ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அனுப்பிய நீண்ட பட்டியலைப் பார்த்து அவரே அசந்து போனார். அதிலிருந்து டஜன் கணக்கில் உண்மையான பிழைகள் திருத்தப்பட்டன. போலி அறிக்கை அனுப்பியவர்கள் கருவி சொன்னதை அப்படியே ஒட்டினார்கள். இந்த ஆய்வாளர் விஷயம் தெரிந்தவர், அலசிப் பார்த்து அனுப்பினார்.

சாவியை யாரிடம் கொடுப்பது?

ஏஜென்ட் வகைக் கருவிகளில் கவலை வேறு. அவை தவறாக எழுதுவதைவிட, தவறாகச் செய்துவிடும் ஆபத்து பெரிது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவரின் வேலையில், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ரெப்ளிட் ஏஜென்ட் உண்மையான டேட்டாபேஸையே அழித்தது. ரெப்ளிட் நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் உண்மை டேட்டாபேஸையும் பிரித்துவைக்க ஏற்பாடு செய்தார். அதே மாதம் அமேசான் க்யூ கருவியின் எடிட்டர் துணைப்பொருளுக்குள் ஒருவர், கணினியைத் துடைத்து அழிக்கச் சொல்லும் கட்டளையைச் செருகிவிட்டார். அது அதிகாரப்பூர்வப் பதிப்பாகவே வெளியே போனது. நல்லவேளை, கட்டளை சரியாக எழுதப்படாததால் சேதம் இல்லை. ஆகஸ்டில் வந்தது இன்னும் விபரீதம். என்எக்ஸ் என்ற பிரபல மென்பொருள் தொகுப்புக்குள் நுழைந்த தீநிரல், டெவலப்பரின் கணினியில் கிளாட், ஜெமினி, க்யூ ஆகிய ஏஐ கருவிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் அவற்றையே ரகசியச் சாவிகளைத் தேடித் தரும்படி ஏவியது.

இல்லாத மென்பொருள் தொகுப்புகளின் பெயரைக் கற்பனை செய்யும் பழக்கமும் ஏஐ-க்கு இருக்கிறது. 16 மாடல்களை 5,76,000 நிரல் மாதிரிகள் எழுத வைத்த ஓர் ஆய்வில், உலகில் இல்லாத 2,05,474 தொகுப்புப் பெயர்கள் வந்து விழுந்தன. சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால், அந்தப் பெயரில் தீநிரலைப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தால் போதும்; யாராவது ஒருவர் ஏஐ சொன்னபடி அதை நிறுவிக்கொள்வார்.

ஆகவே எந்த ஏஜென்ட்டை வாங்கினாலும் உண்மை டேட்டாபேஸின் பாஸ்வேர்டு அதன் கண்ணில் படக் கூடாது. தனிக் கன்டெய்னருக்குள் ஓட்ட முடிகிறதா, ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்கும்படி வைக்க முடிகிறதா, என்ன செய்தது என்ற பதிவு நம்மிடம் இருக்குமா என்பவைதான் அங்கே ஒப்பிட வேண்டியவை.

நிரல் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாம்சங் ஊழியர்கள் மூலநிரலை சாட்ஜிபிடியில் ஒட்டிய விவகாரத்துக்குப் பிறகு 2023 மே மாதம் அந்த நிறுவனம் அதற்குத் தடை போட்டது. விக்டோரியாவிலேயே, குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு ஊழியர் ஒருவர் வழக்கு விவரங்களை சாட்ஜிபிடியில் இட்டு அறிக்கை எழுதியதை மாநிலத் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்து, 2024-ல் அந்தத் துறையில் இத்தகைய கருவிகளை முடக்க உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் ஃபெடரல் அரசு தன் சாதனங்களில் டீப்சீக்கைத் தடை செய்தது. ஒரே நிறுவனத்தின் கருவியிலேயே தனிநபர் சந்தாவுக்கு ஒரு விதி, வணிகச் சந்தாவுக்கு இன்னொரு விதி. உதாரணமாக, கிளாட்டை உருவாக்கும் ஆந்த்ரோபிக் 2025 ஆகஸ்டில், வேண்டாம் என்று மறுக்காத தனிநபர் கணக்குகளின் உரையாடலையும் நிரலையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி விதியை மாற்றியது. வணிகக் கணக்குகளுக்கு அது பொருந்தாது. ஊழியர் தன் சொந்தக் கார்டில் மாதம் 20 அமெரிக்க டாலர் கட்டி அலுவலக நிரலைத் திறக்கிறார் என்றால், கம்பெனி எந்த விதியின்கீழ் இருக்கிறது என்பது கம்பெனிக்கே தெரியாது.

ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலரைத் தாண்டாத பெரும்பாலான சின்னக் கம்பெனிகளுக்கு அந்தரங்கத் தகவல் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் மருத்துவச் சேவை தருபவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது. கிளினிக்குக்குச் செயலி எழுதித் தரும் மல்கிரேவ் கம்பெனி சின்னதாக இருக்கலாம், அதன் வாடிக்கையாளர் சட்டத்துக்குள் இருக்கிறார். ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பை அவர் அந்தக் கம்பெனியின் தலையில் கட்டாமல் விடப் போவதில்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் காற்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சிட்னியின் கான்வா நிறுவனம் 2025 ஜூனிலிருந்து நேர்முகத் தேர்வில் கோபைலட், கர்சர், கிளாட் போன்றவற்றை விண்ணப்பதாரர்கள் பயன்படுத்த வேண்டும் என்றே எதிர்பார்க்கிறது. ஏஐ ஒரே மூச்சில் எழுதிவிட முடியாதபடி கேள்விகளைச் சிக்கலாக்கி, ஏஐ தந்த நிரலில் உள்ள தவறுகளை விண்ணப்பதாரர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கிறார்கள். புதிர்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் மொனாஷ் மாணவர்கள், அந்த நேரத்தில் பாதியை அடுத்தவர் எழுதிய நிரலைப் படிக்கச் செலவிடலாம்.